இரண்டு வருடத்தில் மூன்று செட் பால் ஜாயிண்ட்

ஆழியாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது இடது முன் சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். "மறுபடியுமா?"

மறுபடியும்தான். அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் அத்துப்படி. பால் ஜாயிண்ட் (முன் சக்கரத்தை அடியிலிருக்கும் ஆர்மோடு இணைக்கும் குண்டு மூட்டு) ஆட்டம் கண்டால் முதலில் இப்படித்தான் கேட்கும்: மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது, ஒரு சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது. நேர் ரோட்டில் அறுபதில் போனால் ஒன்றும் தெரியாது. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

வண்டி 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக். மனைவிக்கு வால்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளியில் வேலை. திங்கள் விடியற்காலை கொண்டுபோய் விடுவேன், வெள்ளி சாயங்காலம் போய்க் கூட்டிவருவேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பக்கம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கடைசியில் எஸ்டேட் மண் ரோடு. "அந்த ரோட்டுக்கு எந்த ஜாயிண்ட்டுங்க தாங்கும்?" என்று மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் தலையாட்டிவிட்டுப் பணம் கொடுத்துவிட்டு வருவேன். ஆனால் இதே ரோட்டில் கம்பெனியிலிருந்து வந்த ஜாயிண்ட் எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. அது மண்டையில் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை நானே கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உதவிக்கு அக்கா மகன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரங்களைத் தொங்கவிட்டோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அவனுக்கும் வரவிடவில்லை.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்ட வேண்டும். இடது சக்கரம் 'டக் டக்' என்றது. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள், ஏனென்றால் வீல் பேரிங் போயிருந்தாலும் இதே ஆட்டம் இருக்கும். பையனை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அமுக்கச் சொன்னேன். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் நக்கிளும் (சக்கரம் மாட்டியிருக்கும் வார்ப்புத் துண்டு) ஒன்றாகிவிடும், பேரிங் ஆட்டம் என்றால் நின்றுவிடும். நிற்கவில்லை. 3 மணி, 9 மணி இடங்களில் ஆட்டினேன், ஆட்டம் இல்லை. ஆக டை ராட் எண்டு (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டின் முனை) மேல் குற்றமில்லை. கடைசியாகச் சின்னக் கடப்பாரையை லோயர் ஆர்முக்கும் (பாடியிலிருந்து சக்கரத்துக்கு நீளும் கீழ்க் கை) நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினேன். ஜாயிண்ட்டின் குண்டோடு சேர்ந்த தண்டு, அதாவது ஸ்டட், கூட்டுக்குள்ளே மேலும் கீழும் போய்வருவது கண்ணுக்கே தெரிந்தது. வலது பக்கமும் ஆட்டம் இருந்தது, ஆனால் விரலை வைத்துப் பார்த்தால்தான் உணர முடிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கும் இந்த முறை என் வண்டி மாதிரி மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்பது) வைத்த வண்டிகளுக்கு. மேலும் கீழும் இரண்டு ஆர்ம் இருந்து, ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கும் ஜீப் வகை வண்டிகளில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கே ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் வெளியே தெரியாது. அங்கே ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

மேக்பர்சனில் வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாக மேலே பாடிக்குப் போய்விடுகிறது. கீழே இருக்கும் பால் ஜாயிண்ட் எடையைச் சுமப்பதில்லை. "அப்படின்னா ஏன் மாமா தேயுது?" என்றான் பையன். நல்ல கேள்வி. எடை வராது, ஆனால் திருப்பத்தில் பக்கவாட்டு விசையும் பிரேக் விசையும் வரும். பிரேக் பிடிக்கும்போது டயர் ரோட்டில் பின்னால் இழுபடுகிறது. அதைத் தாங்குவது மேலே ஸ்ட்ரட்டின் தலையும் கீழே இந்த ஜாயிண்ட்டும். ஜாயிண்ட் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால், நெம்புகோல் கணக்குப்படி அதன் மேல் விழுவது டயரில் வரும் பிரேக் விசையைவிடக் கூடுதல். வால்பாறையிலிருந்து இறங்கும்போது 40 வளைவிலும் பிரேக் பிடித்துத் திருப்புகிறோம். அப்படியும் முதல் ஜாயிண்ட் எண்பதாயிரம் ஓடியதே என்ற கேள்வி அப்படியே நின்றது.

என் மனதில் அப்போது மூன்று சந்தேகங்கள் இருந்தன.

முதலாவது மட்டமான பொருள். முதல் தடவை மாற்றும்போது 450 ரூபாய்க்குக் கிடைத்ததைப் போட்டோம், உண்மை. இரண்டாவது தடவை ஊரெல்லாம் நல்ல பெயர் எடுத்த பொருளை, இரட்டிப்பு விலை கொடுத்து, சீல் பிரிக்காத டப்பாவில் வாங்கினேன். அது முன்னதைவிடச் சீக்கிரம் போனது. ஆக அந்தச் சந்தேகம் அங்கேயே நொண்டியது.

இரண்டாவது வாட்டர் சர்வீஸ். அடிப்பக்கம் முழுக்க டீசல் அடித்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ரப்பருக்கு நல்லதில்லை.

மூன்றாவது, என் கைங்கரியம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பழைய வண்டிகளில் இருந்த மாதிரி இப்போதைய ஜாயிண்ட்டுகள் பெரும்பாலானவற்றில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் வாய்) கிடையாது. உள்ளே பிளாஸ்டிக் கிண்ணத்தில் குண்டை உட்காரவைத்து, கிரீஸ் போட்டு, பூட் என்ற ரப்பர் உறையால் மூடி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது செட் போட்டபோது கூடுதல் ஆயுள் கிடைக்கட்டும் என்று நினைத்து, வலது பக்கப் பூட்டில் ஊசி குத்திக் கொஞ்சம் கிரீஸ் ஏற்றினேன். இடது பக்கம் செய்வதற்குள் ஊசி உடைந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போயிருக்குமோ என்று பல நாள் உறுத்தல். இந்த மூன்றாவது செட்டிலும் அதே வலது பக்கம், அதே வேலையைச் செய்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சரி, கழற்றிய கதை. என் வண்டியில் ஜாயிண்ட்டின் ஸ்டட் நக்கிளில் இருக்கும் பிளந்த துளைக்குள் ஏறி நிற்கும். குறுக்கே ஒரு போல்ட் போய் அதை இறுக்கிப் பிடிக்கும். அந்த போல்ட் ஸ்டட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போவதால், ஸ்டட் முழுதாக ஏறாவிட்டால் போல்ட் நுழையவே நுழையாது. நல்ல ஏற்பாடு. போல்ட் துருப்பிடித்திருந்தது. முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வைத்ததால் 17 சாக்கெட்டில் முனகிக்கொண்டே வந்துவிட்டது. பிளவில் உளியைச் செருகி லேசாகத் தட்டியதும் துளை விரிந்தது. இங்கே ஆவேசம் கூடாது. நக்கிள் வார்ப்பு, காது தெறித்தால் பால் ஜாயிண்ட் செலவு நக்கிள் செலவாகிவிடும். ஆர்மை கடப்பாரையால் கீழே அமுக்கினோம், ஸ்டட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

ஜாயிண்ட் ஆர்மில் மூன்று போல்ட்டில் நிற்கிறது. கம்பெனியில் ரிவெட் அடித்து அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை மெக்கானிக் அண்ணன் ரிவெட் தலைகளை டிரில் போட்டு எடுத்துவிட்டு போல்ட் நட்டு போட்டிருந்தார். இந்த முறை நான் ஆர்மையே மொத்தமாகக் கழற்றினேன். ஆர்மைப் பாடியோடு இணைக்கும் பின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு விட்டிருந்தது. அதோடு ஆர்ம் வளைந்திருக்குமோ என்றும் பார்க்க வேண்டியிருந்தது. புது ஆர்மைப் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை கம்பி கோத்துப் பார்த்தேன். வளைவு இல்லை. நக்கிள் துளையும் பெருக்கவில்லை, புது ஸ்டட் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பழைய ஜாயிண்ட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம், இருபது வருடமாக டிராக்டர் சாமான் பார்க்கிறவர். கிரைண்டரில் வெட்டினால் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகித் தடயமெல்லாம் அழிந்துவிடும் என்று ஆக்சா பிளேடு போட்டு அரை மணி நேரம் அறுத்தார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

முதலில் வலதைத் திறந்தார். பூட்டில் என் ஊசி ஓட்டை இருந்தது. ஆனால் கிரீஸ் பெரும்பாலும் நல்ல நிறத்தில்தான் இருந்தது. குண்டில் கொஞ்சம் மங்கல், துரு என்று சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கிண்ணம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. மனசுக்குள் ஒரு மூச்சு விட்டுக்கொண்டேன்.

இடது பக்கம் வேறு கதை. உள்ளே கிரீஸே இல்லை, செங்காவி நிறத்தில் சேறு. குண்டு முழுக்கத் துருப்பொட்டு. கிண்ணம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. பூட்டில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு, யாரோ நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி.

"தண்ணி பூந்து போயிருக்கு, பாத்தீங்களா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் ஸ்டட்டின் கழுத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி பளபளப்பு. கூட்டின் விளிம்பில், அதற்கு நேர் எதிரே, சின்னதாக ஒரு நசுங்கல். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் சரியாக உட்கார்ந்தது. "தண்ணி அப்புறந்தாங்க வந்திருக்கு. மொதல்ல இது முட்டியிருக்கு. எவ்வளவு சாயணுமோ அதுக்கு மேல சாஞ்சிருக்கு. முட்டற எடத்துல ரப்பர் மாட்டி நசுங்கிருக்குது." வலதை எடுத்து அதன் கழுத்தையும் காட்டினார். அதே பக்கம், அதே தடம், ஆனால் மெலிசாக.

வீட்டுக்கு வந்ததும் டேஷ்போர்டில் கிடந்த நோட்டை எடுத்தேன். டீசல் கணக்குக்காக வைத்தது, இடையிடையே வேலை செய்த விவரமும் எழுதியிருப்பேன். பிப்ரவரி 2022, 88,100 கிலோமீட்டர், ஜாயிண்ட் இரண்டு பக்கமும். டிசம்பர் 2022, 98,900, மறுபடியும். இப்போது ஆகஸ்ட் 2023, 1,07,300. அதற்கு முன்னால் என்ன என்று பின்னோக்கிப் புரட்டினேன். ஆகஸ்ட் 2021, 81,400: 'முன்னாடி ஸ்பேசர் 25 மி.மீ. போட்டாச்சு. இனி அடி தட்டாது.' கையெழுத்து என்னுடையதுதான்.

எஸ்டேட் ரோட்டில் அடி தட்டுகிறது என்று நான்தான் ஸ்ட்ரட்டுக்கும் பாடிக்கும் நடுவில் அலுமினியக் கட்டை வைத்துத் தூக்கச் சொன்னேன். அரை நாள் வேலை, வண்டி கம்பீரமாக நின்றது. அதிலிருந்து ஆறு மாதத்தில் முதல் ஜாயிண்ட் போனபோது, "எண்பத்தெட்டாயிரம் ஓடிருச்சு, வயசாச்சு" என்று விட்டுவிட்டோம். ஸ்பேசரை யாரும் நினைக்கவில்லை. மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்பேசர் போட்டது வேறோர் இடத்தில், அவரிடம் நான் சொல்லவே இல்லை.

சந்தேகத்தோடு விட மனமில்லை, அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஆர்மின் உள் போல்ட்டிலிருந்து ஜாயிண்ட் வரை 330 மி.மீ. பையன் கைபேசியில் சாய்வு காட்டும் செயலியை வைத்து ஆர்ம் மேல் ஒட்டினான். ஸ்பேசரோடு வண்டி தரையில் நிற்கும்போது ஆர்ம் 11 டிகிரி கீழே சாய்ந்திருந்தது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது 24, 25 என்று அலைந்தது. ஸ்பேசரை எடுத்துவிட்டு அளந்தால் நிற்கும்போது 7, தொங்கும்போது 20. ஏட்டுக் கணக்கும் ஒத்துப்போனது: 330 மி.மீ. ஆர்மின் முனை 25 மி.மீ. இறங்கினால் நாலரை டிகிரி சாயும்.

பிறகு புது ஜாயிண்ட்டை வைஸில் பிடித்து, பூட்டை ஒதுக்கிவிட்டு ஸ்டட்டைச் சாய்த்தோம். கழுத்து விளிம்பில் முட்டிய இடம் 24 டிகிரி. ஸ்ட்ரட்டின் சாய்வும் கூடவே கொஞ்சம் மாறுவதால் இது கறாரான கணக்கு இல்லை. ஆனாலும் கம்பெனி விட்டு வைத்திருந்த நாலு டிகிரி இடைவெளியை நான் ஸ்பேசர் வைத்துத் தின்றுவிட்டேன் என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஸ்பேசர் ஸ்ட்ரட்டின் தலையில் உட்காருவதால் ஸ்பிரிங்கை அது ஒன்றும் செய்வதில்லை, ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது. மொத்த ஸ்ட்ரட்டும் 25 மி.மீ. கீழே இறங்கிவிடுகிறது. சக்கரம் தொங்கும் எல்லையும் அதே அளவு இறங்கிவிடுகிறது. வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினால் சக்கரம் ஒரு நொடி அந்தரத்தில் தொங்கும், ஒவ்வொரு முறையும் கழுத்து விளிம்பில் முட்டும். இடது பக்கம் ஏன் முதலில் போனது என்பதற்கும் விடை கிடைத்தது. மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது நான்தான், தார் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்குவது இடது சக்கரம்தான்.

ஸ்பேசரைக் கழற்றுவது சுலபம். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட் தலையில் சுற்றிலும் மூன்று நட்டு. அவற்றையும் கீழே நக்கிள் போல்ட்டுகளையும் எடுத்தால் ஸ்ட்ரட் கைக்கு வந்துவிடும். நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். அதில் கை வைக்கவே கூடாது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிக் காத்திருப்பது அந்த ஒரு நட்டை நம்பித்தான். பையனிடம் இதை மூன்று முறை சொன்னேன். "முதல் தடவையே புரிஞ்சுது மாமா" என்றான்.

புது ஆர்ம் மாட்டும்போது கவனிக்க வேண்டியது புஷ் போல்ட். அந்த ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் வளைந்து கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கிற நேரம் முழுக்க ரப்பர் முறுக்கிலேயே இருக்கும், சில மாதத்தில் வெடித்துவிடும். ஆகவே போல்ட்டைக் கைப்பிடிக்கு மட்டும் வைத்துவிட்டு, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு, சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தி, எடை இருக்கும்போதே டார்க் ரெஞ்சு போட்டேன். பழைய பின் புஷ் வெடித்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்கிய பிறகு யாரும் அந்த போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கியிருக்க மாட்டார்கள். ஸ்டட்டைப் பிடிக்கும் போல்ட்டுக்கு மேனுவலில் போட்டிருந்தது 60 நியூட்டன் மீட்டர். பழைய நட்டைப் போடவில்லை, புதிதாக வாங்கினேன். பூட்டில் ஊசி குத்தவும் இல்லை.

ஆர்ம் இரண்டும் 4,400 ரூபாய், அலைன்மெண்ட் 400. அலைன்மெண்ட்டைத் தவிர்க்க முடியாது. உயரம் மாறினால் டை ராட்டின் சாய்வு மாறும், அதோடு டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். முன் டயர்களின் உள் விளிம்பு இரண்டு வருடமாக ஏன் மொட்டையாகிக்கொண்டே வந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இதை எழுதும்போது ஓடோமீட்டர் 1,23,600. போன வாரம் மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி அதே கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அசையவில்லை, பூட்டில் கிள்ளல் இல்லை. எஸ்டேட் ரோட்டில் கடைசி மேட்டில் மறுபடி அடி தட்டத்தான் செய்கிறது. அங்கே மனைவி இறங்கிப் பள்ளிக்கு நடந்துவிடுகிறார், பெட்டியை மட்டும் நான் கொண்டுபோய் வைக்கிறேன். ஸ்பேசர் கட்டைகள் இரண்டும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கின்றன.

நெம்பிப் பார்த்த அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) உள் பூட்டில் மடிப்புக்கு மடிப்பு வெடிப்பு, கிரீஸ் கசியத் தொடங்கியிருக்கிறது. அந்த ஷாஃப்ட்டும் இரண்டு வருடம் அதே ஸ்பேசரால் கூடுதலாக மடங்கித்தான் சுற்றியது. பூட் கிட் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பையனுக்கு செமஸ்டர் லீவு.